வேருக்கு மூச்சு வேண்டும்

வண்டி முழுதாக நிற்பதற்குள் நுர்ஜான் குதித்துவிட்டாள். ஓட்டுநர் ஏவால்ட் பின்னாலிருந்து ஏதோ திட்டினார். அவள் காதில் வாங்கவில்லை. பார்பரா தெருவின் முதல் லிண்டன் மரத்தை நோக்கி ஓடினாள். நேற்று வாடித் தொங்கிக்கொண்டிருந்த இலைகள் இன்று ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. ஒன்றைத் தொட்டாள். காம்போடு கையில் வந்துவிட்டது.

அடுத்த மரமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். எல்லாம் சின்ன மரங்கள். வெயில் தாங்க அடிமரத்துக்கு வெள்ளை அடித்து, சாயாமலிருக்கச் சுற்றிலும் கம்புகள் நட்டு, இடுப்பில் பச்சை நிறத் தண்ணீர்ப் பை கட்டி, பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கிறவை. இன்று அத்தனை பிள்ளைகளுக்கும் காய்ச்சல்.

"என்ன, ஊத்தணுமா, இல்ல உக்காந்து அழணுமா?" ஏவால்ட் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு கேட்டார். "ஊத்துறதுன்னா பம்ப்பப் போடறேன். அழறதுன்னா சாப்பாட்டுக்கு மேல வெச்சுக்கலாம்."

"ரெட்டிப்பா ஊத்துவோம் அண்ணே. லாரியில இருக்கறதப் பூரா இங்கயே இறக்கிருவோம்."

ரூர் என்கிற அந்தப் பழைய நிலக்கரிச் சுரங்க வட்டாரத்தில் அந்தக் கோடையில் மழை என்பது பேச்சில் மட்டும்தான் இருந்தது. பூங்காப் புல்வெளிகள் தேங்காய்நார் மிதியடி நிறத்துக்கு வந்திருந்தன. அவரவர் வாசல் மரத்துக்கு ஒரு வாளி ஊற்றுங்கள் என்று நகராட்சி சுவரொட்டி ஒட்டியிருந்தது. நுர்ஜானுக்கு வாளி அல்ல, லாரி. வசந்தத்தில் வேலைக்கு எடுப்பார்கள், அக்டோபரில் அனுப்பிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க ஏதாவது அலுவலகத்தில் கழிப்பறை கழுவுவாள். மறுபடி வசந்தம், மறுபடி லாரி. வருஷக்கணக்கில் இதே சுற்று. இந்தத் தடவைதான் மேற்பார்வையாளர் லோமான் அவளைக் கூப்பிட்டு, நிரந்தர இடம் ஒன்று வருகிறது, உன் மரங்கள் கோடையைத் தாண்டிவிட்டால் அது உனக்கு என்று சொல்லியிருந்தார். நிரந்தர வேலை இருந்தால்தான் பெரிய வீடு கிடைக்கும். அவள் மகள் எலிஃப் பரீட்சைக்குப் படிப்பது குளியலறையில், வாஷிங் மெஷின் மேல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு. மெஷின் ஓடினால் எழுத்து ஆடுகிறது என்று எலிஃப் சிரிப்பாள். நுர்ஜானுக்குச் சிரிப்பு வராது.

மற்றத் தெருக்களில் இதே வெள்ளி லிண்டன்கள் பிழைத்துக்கொண்டிருந்தன. கெட்டிக்கார மரம் அது. தாகம் மிஞ்சினால் இலைகளைப் புரட்டி வெளுத்த அடிப்பக்கத்தை வெயிலுக்குக் காட்டிவிடும். முக்காடு போட்டுக்கொண்டு மத்தியானத்தில் நடக்கிற பெண்ணைப் போல மரம் முழுக்க வெள்ளியாக நிற்கும். பார்பரா தெருவில் ஒரு மரமும் முக்காடு போடவில்லை. மஞ்சளடித்துத் தொங்கின. அந்த வித்தியாசத்தை நுர்ஜான் பார்த்தாள். பார்த்துவிட்டு, தாகம் அவ்வளவு முற்றிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

இந்தத் தெருவில் மரம் வாடுவதுதான் அவளுக்கு விளங்கவே இல்லை. நகரத்திலேயே மரத்துக்கு இவ்வளவு தண்ணீர் ஊற்றுகிற ஜனங்களை அவள் பார்த்ததில்லை. சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய பழைய செங்கல் வீடுகள். இப்போது சுரங்கம் இல்லை, தொழிலாளிகளும் விதவைகளும் மட்டும் மிச்சம். காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் ஒரு ரப்பர் குழாய் ஊர்ந்து வந்து மரத்தடியில் வாயை வைத்துக்கொண்டு கிடக்கும். நுர்ஜானுக்காகத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று அவள் நம்பினாள். நிரந்தர வேலை விஷயம் தெரு முழுக்கத் தெரியும், அவளே சொல்லியிருந்தாள்.

குழாயும் கையுமாக முதல் வீட்டுச் சொபோட்டா அம்மாள் வெளியே வந்தாள். ஏப்ரனில் மாவு. மறு கையில் காபி. அதை நுர்ஜானிடம் நீட்டி, முதலில் இதைக் குடி, மரம் எங்கேயும் ஓடிவிடாது என்றாள். நேற்றைக்கு நுர்ஜான் கொண்டுவந்த சீஸ் ரொட்டி பிரமாதம், ஆனால் உப்பு ஒரு கல் தூக்கல் என்றும் சொன்னாள். இரண்டு வருஷமாக அந்தத் தெருவில் நுர்ஜான் வெறும் வயிற்றோடு வேலை செய்ததில்லை.

அடுத்த வீட்டுக் குபிட்சா புறாக்கூண்டுக்குப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். முன்னாள் சுரங்கத் தொழிலாளி. "ஏவால்ட், உன் லாரி தானா ஓடுதா, இல்ல அந்தப் பொண்ணுதான் பின்னால தள்ளிக்கிட்டு வருதா?"

"உன் புறாவுங்க மட்டும் என்ன, பஸ் புடிச்சுத்தான வீட்டுக்கு வருதுங்க," என்றார் ஏவால்ட். ஆனால் இறங்கவில்லை. இந்தத் தெருவில் மட்டும் அவர் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார்.

தெரு சரிந்து முடிகிற பள்ளத்தில் ஒரு கிழட்டு வில்லோ மரம் நின்றது. ஊரே காய்ந்து கிடக்க, அது மட்டும் வசந்த காலத்து மரம் போலப் பச்சைப்பசேலென்று கிளைகளைத் தரை வரை இறக்கியிருந்தது. அடிமரத்தில், மண்ணுக்கு ஒரு சாண் மேலே, சிவப்பு நூல் நூலாக ஏதோ முளைத்திருந்தது. போன வாரம் அது என்ன என்று நுர்ஜான் கேட்டதற்கு, வயசானால் எனக்கே காதில் முடி முளைக்கிறது, மரத்துக்கு முளைக்கக் கூடாதா என்று குபிட்சா பேச்சைத் திருப்பிவிட்டார்.

லாரி காலியாகும் வரை ஊற்றினார்கள். தண்ணீர் மெதுவாக, மிக மெதுவாக மண்ணுக்குள் இறங்கியது.

சாயங்காலம் லோமான் கூப்பிட்டு அனுப்பினார். யாரோ பார்பரா தெருவைப் படமெடுத்து நகராட்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். சுற்றிலும் இதே மரம் நன்றாக இருக்கிறது, அந்தத் தெருவில் மட்டும் சாகிறது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவர் கோபப்படுகிறவர் இல்லை. நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லித்தான் எதையும் சொல்வார். தினமும் ஊற்றுகிறேன் என்றாள் நுர்ஜான். "மரம் பொய் சொல்றதில்லையே," என்றார் லோமான். வெள்ளிக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், அதுவரை மண்ணைக் கிளறுவது, வேரைத் தோண்டிப் பார்ப்பது என்று எதுவும் செய்யக் கூடாது, இந்த வெயிலில் வேர் வெந்துவிடும் என்றும் சொன்னார். சரி சார் என்று எழுந்து வந்தாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு லாரியிலிருந்து இறங்கினாள்.

"லோமான் தோண்டக் கூடாதுன்னார்," என்றார் ஏவால்ட். ரொட்டியில் ஈரல் மசியலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை எப்படியும் என் சீட்டக் கிழிக்கப் போறாரு. எதுக்குச் செத்துச்சுன்னாவது தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

மரத்தை ஒட்டி வெட்டினாள். மேல் மண் கொஞ்சம் இறுகியிருந்தது. அதற்குக் கீழே மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. வெளியே வந்த மண் கறுப்பு. அதோடு ஒரு நாற்றமும் வந்தது; அழுகின முட்டை நாற்றம். கையை விட்டு ஒரு வேரைப் பிடித்து இழுத்தாள். வேரின் தோல், நனைந்த காலுறை கழல்வது போல அப்படியே உருவிக்கொண்டு வந்தது. உள்ளே நரம்பு மாதிரி ஒரு கறுப்பு நூல் மட்டும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழியின் அடியில் தண்ணீர் கசிந்து, சேர்ந்து, ஏறியது. மேலிருந்து யாரும் ஊற்றவில்லை.

குந்தியபடியே இருந்தாள். பயிற்சி வகுப்பில் ஒரு தடவை இரண்டு மரங்களின் படத்தைக் காட்டியிருந்தார்கள். இரண்டிலும் இலை தொங்கியது. ஒன்று தாகத்தில் சாகிறது, ஒன்று தண்ணீரில் மூழ்கிச் சாகிறது, எது எது என்று கேட்டார்கள். வகுப்பே தப்பாகச் சொன்னது. வேருக்கும் மூச்சு வேண்டும். தண்ணீர் மண்ணிலுள்ள காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டால் வேர் திணறிப்போகும். திணறின வேர் தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டே தண்ணீர் குடிக்க முடியாமல் போகும். அதனால்தான் இலை தாகத்தில் வாடுகிறது. வில்லோ மாதிரி மரங்கள் அடிமரத்திலேயே புது வேர் விட்டுச் சமாளித்துக்கொள்ளும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தார்கள். லிண்டனுக்கு முக்காடு போடத் தெரியும். நீச்சல் தெரியாது.

வாடுகிறதே வாடுகிறதே என்று இவள் லாரி லாரியாக ஊற்றியிருக்கிறாள்.

"அண்ணே, பைப் வெடிச்சிருக்கு!" போனை எடுத்தபடி ஓடிவந்தாள். "கீழ எங்கயோ தண்ணி பைப் வெடிச்சிருக்கு. இப்பவே லோமானுக்குச் சொன்னா என் தலை தப்பிச்சுது."

ஏவால்ட் ரொட்டியைக் கீழே வைத்தார். வண்டியை விட்டு இறங்கினார். இந்தத் தெருவில் முதல் முறையாக. அவள் போன் மேல் தன் பெரிய கையை வைத்து மூடினார்.

"போன் பண்ணு. வேணாங்கல. அதுக்கு முன்னால அந்த ஓஸ் பைப் ஒண்ணப் புடிச்சிக்கிட்டே போய், அது எங்க இருந்து வருதுன்னு பாத்துட்டு வந்து பண்ணு."

சொபோட்டா அம்மாளின் குழாய் மரத்தடியிலிருந்து நடைபாதையைக் கடந்து ரோஜாச் செடிகளுக்கு நடுவே போயிற்று. குழாயடிக்குப் போகவில்லை. சுவரோடு வளைந்து, தரைமட்டத்தில் இருந்த நிலவறைச் சன்னலுக்குள் இறங்கியது. உள்ளே ஏதோ சீராக முனகியது.

நுர்ஜான் கதவைத் தட்டினாள். அவள் முகத்தையும் கையிலிருந்த கறுப்புச் சேற்றையும் பார்த்த சொபோட்டா அம்மாள் ஒன்றும் கேட்காமல் நிலவறைப் படிக்கட்டின் விளக்கைப் போட்டாள்.

கீழே கடைசி நான்கைந்து படிகள் தண்ணீருக்குள் இருந்தன. ஜாம் பாட்டில்கள் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. இறந்துபோன கணவரின் சைக்கிள் கூரைக் கொக்கியில் தொங்கியது. மூலையில் ஒரு சின்ன மின்சார பம்ப், அடுக்கிய செங்கல் மேல் உட்கார்ந்து, ஓயாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் கூடை தண்ணீரில் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எல்லா வீட்டுலயும் இப்படித்தான் கண்ணு," என்றாள் சொபோட்டா அம்மாள்.

குபிட்சாவும் வந்து சேர்ந்தார். சமையலறையில் உட்கார்ந்து அவர்தான் சொன்னார். அவர்கள் காலமெல்லாம் கீழே கரி வெட்டினார்கள். வெட்ட வெட்ட மேலே தெருவே மெதுவாக இறங்கிவிட்டது. இப்போது இந்த வட்டாரம் ஆற்று மட்டத்துக்கும் கீழே. சுரங்கத்தை மூடினாலும் நிலத்தடி நீரை இறைக்கிற பெரிய பம்ப்பை மட்டும் நிறுத்த முடியாது. அது ஓடுகிற வரைக்கும்தான் இது தெரு. இந்த வசந்தத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. பம்ப்பில் ஏதோ கோளாறு, மழைக்காலத்துக்குள் சரி பண்ணிவிடுவார்கள், அதுவரை ஓட்டிவிடலாம் என்று தெருவே கூடி முடிவு செய்தது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது. சாக்கடையில் விட்டால் நகராட்சி கண்டுபிடித்துவிடும். ரோட்டில் விட்டால் ஊருக்கே தெரியும்.

"இந்த வெயில்ல மரத்துக்குத் தண்ணி ஊத்துறவன யாரு என்ன கேக்கப் போறா?" என்றார் குபிட்சா. "அதோட, உனக்கும் உதவியா இருக்கும்னு நினைச்சோம் புள்ள. நிஜமாவே. ஊர்ல தண்ணி இல்லாம மரம் சாகுது, நம்மகிட்ட வேண்டாத தண்ணி இவ்வளவு இருக்குன்னு சந்தோஷப்பட்டோம்."

நுர்ஜான் கையிலிருந்த வேரை மேஜை மேல் வைத்தாள். அது என்ன என்று சொன்னாள். கீழே ஏறுகிற தண்ணீர் பாதி, மேலே ஊற்றின தண்ணீர் பாதி என்றாள். ஊற்றினதில் என் லாரியும் சேர்த்தி என்றாள்.

சொபோட்டா அம்மாள் அந்த வேரை விரலால் தொட்டுப் பார்த்தாள். "நாங்கதான் கொன்னுட்டமா?" என்று கேட்டாள். அவள் எழுந்து போய்ப் படியில் நின்று பம்ப்பின் சொருகியைப் பிடுங்கினாள். முனகல் நின்றது. மறு நிமிஷம் குபிட்சா போய், "வீடு மூழ்கிப்போயிரும் அம்மா, இத வேற எங்கயாவது கொண்டுபோய் ஊத்திக்கலாம்," என்று அதைத் திரும்பச் சொருகினார்.

லாரிக்குத் திரும்பி வந்தபோது ஏவால்ட் ரொட்டியைச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். போன் இன்னும் கையிலேயே இருந்தது.

"அடுத்த தெரு, ஷ்டைகர் தெரு, தெரியுமா உனக்கு?" என்றார் ஏவால்ட்.

"வேலி போட்டு வெச்சிருக்காங்களே, காலி மனை. அதானே?"

"அங்கதான் நான் பொறந்தேன். எங்க கீழறையில தண்ணி வந்தப்போ முறையா எழுதிக் குடுத்தோம். முறையா வந்து பாத்தாங்க. குடியிருக்க லாயக்கில்லன்னு முறையாவே காலி பண்ணி வெச்சாங்க. எனக்கு ஊருக்கு அந்தப் பக்கம் நாலாவது மாடில ஒரு ரூம். எதிர் வீட்டுக்காரன் எங்க போனான்னே தெரியல." இஞ்சினைக் கிளப்பினார். "போன் பண்ணணும்னா பண்ணு. உம் மேல எனக்கு வருத்தம் வராது. நானா இருந்தா என்ன செய்வேன்னு என்னக் கேக்காத. எனக்குத் தெரியல."

வண்டி வளைவு திரும்பும்போது நுர்ஜான் கண்ணாடியில் பார்த்தாள். குபிட்சா குந்தி உட்கார்ந்து, அவள் தோண்டின குழியைக் கையாலேயே மூடிக்கொண்டிருந்தார். போனைப் பைக்குள் போட்டாள்.

அன்றிரவு எலிஃபிடம், பெரிய வீடு இந்த வருஷம் கிடைக்கவில்லையென்றால் என்ன செய்வாய் என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள். மெஷின் ஓடாத நேரமாகப் பார்த்துப் படிக்கிறேன் என்றாள் எலிஃப்.

வெள்ளிக்கிழமை லோமான் வந்தார். சுத்தமான சட்டை, சுத்தமான கார். பின்கதவு திறந்திருந்தது, உள்ளே மண்வெட்டி, மண் துளைக்கிற கம்பி, எல்லாம் அடுக்காக. நுர்ஜானின் கண் அங்கேயே போய் நின்றது. ஒரே ஒரு குத்து. அவ்வளவுதான், தெருவின் கதை வெளியே வந்துவிடும்.

லோமான் மண்வெட்டியை எடுக்கவில்லை. முதல் மரத்தின் கிளையை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு. அடுத்தது. பழுப்பு. மேட்டுப் பக்கத்து மரங்கள் ஓரிரண்டில் மட்டும் பச்சை மிச்சமிருந்தது. அவர் நடக்க நடக்க, பின்னாலேயே தெருவும் நடந்தது. செருப்போடு, ஏப்ரனோடு, ஊன்றுகோலோடு. இந்தப் பெண் ஒரு நாளும் தவறியதில்லை என்று சொபோட்டா அம்மாள் சொன்னாள். சொந்தப் பிள்ளை மாதிரிப் பார்த்தாள் என்று இன்னொருத்தி. நல்ல வேலைக்காரி, வேண்டுமானால் எழுதித் தருகிறோம் என்று குபிட்சா.

லோமான் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சிரித்தபடியே, "தவறாம வந்து ஊத்தியும் மரம் ஏன் செத்துச்சு?" என்றார்.

குபிட்சா தொப்பியைக் கழற்றினார். நுர்ஜானை ஒரு தடவை பார்த்தார். சொபோட்டா அம்மாளைப் பார்த்தார். அவள் மெதுவாகத் தலையசைத்தாள்.

"சார், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. ஒரு விஷயம் இருக்கு. எங்க வீட்டுக் கீழ…"

"நான்தான் சார்," என்றாள் நுர்ஜான்.

குபிட்சாவின் வாய் திறந்தபடி நின்றது.

"வாடுதுன்னு பயந்து ரெட்டிப்பா ஊத்திட்டேன். ஊத்த வேண்டாம்னு இவங்கல்லாம் சொன்னாங்க. நான்தான் கேக்கல. வேர் அழுகிருச்சு."

லோமான் அவளை உற்றுப் பார்த்தார். எங்கே, தோண்டிக் காட்டு என்று கேட்கப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கைக்குட்டையில் நகத்தைத் துடைத்துக்கொண்டார். சரி, அப்படியே எழுதிக்கொள்கிறேன் என்றார். அந்த நிரந்தர இடம் இந்த முறை வேறு ஒருவருக்குப் போகும் என்றும், அக்டோபரோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம், அடுத்த வசந்தத்தில் விண்ணப்பம் போடு, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னார். கடைசி வரை அன்பாகத்தான் பேசினார்.

தெரு கலைந்தது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சொபோட்டா அம்மாள் மட்டும் கடந்து போகும்போது அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

நுர்ஜான் லோமானோடு கார் வரை நடந்தாள். வேலை போய்விட்டது, ஆனால் தோண்டவில்லை. அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. நிம்மதியில் வாய் கொஞ்சம் தளர்ந்துவிட்டது.

"சார், அடுத்து நடும்போது லிண்டன் வேண்டாம். ஆல்டர் மரம் வைங்க. அது வேற சாதி. அடியில தண்ணி நின்னாலும் மேல இருந்து காத்த உள்ள இழுத்து வேருக்கு அனுப்பிக்கும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கார்க் கதவைத் தொட்ட லோமானின் கை அப்படியே நின்றது. தெருவை முன்னும் பின்னும் பார்த்தார். "அடியில தண்ணி நிக்குதுன்னு உனக்கு யாரு சொன்னா? ஆபீஸ்ல எவனாவது உளறிட்டானா?"

அவள் பேசவில்லை. பேசாததை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அப்போது பள்ளத்திலிருந்து ஒரு ஊர்வலம் ஏறி வந்தது. முன்னால் குபிட்சா, புறாக்கூடைகள் கொண்டுபோகிற கைவண்டியில் ஒரு குளியல் தொட்டியை ஏற்றி, விளிம்பு வரை தண்ணீரோடு இழுத்துக்கொண்டு வந்தார். பின்னால் சொபோட்டா அம்மாள், இரண்டு கையிலும் பூவாளி. அவள் பின்னால் மற்றவர்கள், வாளிகளோடு, குடங்களோடு, ஒருவர் ஜாம் காய்ச்சுகிற அண்டாவோடு. மேட்டுப் பூங்காவில் காய்ந்து நிற்கிற மரங்களுக்கு நிலவறைத் தண்ணீரை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து ஊற்றுவது என்று நேற்றே ஏற்பாடு. ஏவால்ட் லாரியை விட்டு இறங்கிப் போய், கைவண்டியைப் பின்னாலிருந்து தள்ளினார்.

"சார், வண்டிய கொஞ்சம் ஓரங்கட்டுங்க," என்றார் குபிட்சா மூச்சு வாங்க.

லோமான் பணிவாகக் காரை நகர்த்திக் கொடுத்தார். கையசைத்தார். தொட்டி தளும்பி அவர் காலணியில் தெறித்தபோதும் பரவாயில்லை என்றார். அவர்கள் கடந்து போகும் வரை காத்திருந்து, கார்ச் சன்னலை இறக்கினார்.

"நல்ல ஜனங்க. கீழறையில இந்நேரம் தண்ணி நல்லா ஏறியிருக்கும். ஒருத்தர் கூட வாயத் தொறந்து புகார் பண்ணல பாரு, எங்களுக்கும் அது வசதியாப் போச்சு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க இனி மரம் எதுவும் நடப்போறதில்ல, நுர்ஜான். இந்தத் தெருவே ஏரி ஆகப் போகுது. சுத்திப் புது வீடுங்க. காலி பண்ணச் சொல்ற லெட்டர் குளிர்காலத்துலதான் போகும், அதுவரைக்கும் நீ யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அந்தப் பெரிய பம்ப் கெட்டுப்போகல. மார்ச் மாசமே பாதி நிறுத்தச் சொல்லியாச்சு."

கார் போய்விட்டது. மேட்டிலிருந்து சொபோட்டா அம்மாள் காலிப் பூவாளிகளோடு வேகவேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தாள், அடுத்த நடைக்கு.